சின்ன லேப்டாப் போதும் என்றேன்

1

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். எங்கள் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில். நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில். நடுவே எத்தனையோ நாடுகள் இருக்கின்றன, நாலரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. இருந்தாலும் கறவை மாடு பிடித்தால் எனக்குப் போட்டோ வரும். மோட்டார் மாற்றினால் போட்டோ வரும். "யக்கா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு" என்பான் என் தம்பி செந்தில். மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கொம்பைப் பார்த்து ஏதோ ஒன்று சொல்லி வைப்பேன்.

பிறந்த வீட்டுப் பெண் வாயால் "இதை எடுங்க" என்று வந்தால் அந்தப் பொருள் விளங்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா காலத்தில் அத்தை சொல்வார். இப்போது நான். ஒருமுறை விடுமுறைக்குப் போயிருந்தபோது போர் போட நிலத்தில் மூன்று இடம் குறித்து வைத்திருந்தார்கள். மூன்றையும் நடந்து பார்க்கச் சொன்னான் செந்தில். புதுச் செருப்பு கடித்ததால் இரண்டாவது இடத்திலேயே நின்றுவிட்டு, "இங்கயே போடுங்களேன்" என்றேன். தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது. அன்று முதல் என் வார்த்தைக்கு எங்கள் தெருவிலேயே ஒரு மரியாதை. செருப்புக் கடி விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே எனக்கு அந்த மரியாதை கிடையாது. மகள் மதிக்குப் பதினைந்து வயது. "சாப்பிட வா" என்பதை மூன்று தரம் தமிழிலும் ஒரு தரம் ஜெர்மனிலும் சொன்னால்தான் அறைக்கதவு திறக்கும். அலுவலகத்திலோ என் பெயரே போய்விட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டதால் இந்த நாட்டுக்கு வந்த பதினாறு வருடமாக எல்லாரும் என்னைத் திருமதி ராமலிங்கம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்படி இருக்கும்போது, ஊரில் என் சொல்லுக்குக் கிடைக்கிற மதிப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வருமா? சந்தோஷமாக வாயைத் திறந்துகொண்டே இருந்தேன்.

2

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு லேப்டாப்களின் போட்டோ வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்காரர் எடுத்து செந்திலுக்கு அனுப்பியது. ஒன்று பெரிய திரை உள்ளது, கொஞ்சம் கனம், நிறைய மெமரி. இன்னொன்று சின்னது, இரண்டு நோட்டுப் புத்தகம் சேர்ந்த அளவு, மெமரி கால்வாசிதான். செந்திலைக் கூப்பிட்டேன்.

"எதுக்குடா லேப்டாப்?"

"ஆன்லைன் கிளாசுக்குக்கா. ரெண்டுல எத எடுக்கறது சொல்லு. கடைக்காரன் சாயங்காலத்துக்குள்ள சொல்லச் சொல்றான்."

செந்திலின் பையன் கவினுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அவனுக்கு ஏதோ கணக்கு டியூஷன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கண் கெட்டுவிடக் கூடாது, பெரிய திரைதான் வேண்டும் என்றேன். மெமரி குறைவாக இருந்தால் பாதி வகுப்பில் நின்றுவிடும், படிக்கிற பிள்ளைக்குப் போய்க் கஞ்சத்தனம் பார்க்காதே என்று கடிந்துகொண்டேன். இன்னும் ஐந்தாறு வருடத்தில் கல்லூரிக்கும் அதுவே ஆகும் என்றேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

முழுதும் கேட்டுவிட்டு செந்தில் சொன்னான்: "கவினுக்கு இல்லக்கா. பூங்கொடிக்கு. அது இன்னாமோ கோர்ஸ் ஒன்னு படிச்சிக்கினு இருக்குது."

பூங்கொடி அவன் மனைவி.

"ஓ, பூங்கொடிக்கா? அப்படின்னா அந்தச் சின்னது போதுமே" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. மூச்சு விடுகிற மாதிரி தானாக வந்தது. வந்த பிறகு அதற்குக் காரணங்களும் வரிசையாக வந்தன. எடை கம்மி, அடுக்களையிலேயே வைத்துக்கொள்ளலாம், வேலை பார்த்துக்கொண்டே கேட்கலாம், அவ்வளவு மெமரியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள். "சரிக்கா, நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டான்.

எதிரே மதி காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊர்ப் பேச்சை அவள் காதில் வாங்குவதே இல்லை என்று நினைத்திருந்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, ஜெர்மனில் கேட்டாள்: "கவினுக்கு என்றால் பெரியது. கவின் அம்மாவுக்கு என்றால் சின்னது. ஏன்?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. பதில் இல்லாதபோது எனக்கு வருகிற கோபம் அது, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "தமிழில் கேள், பதில் சொல்கிறேன்" என்றேன். அவளுக்குத் தமிழ் பேச வராது என்ற தைரியம்.

அவள் விடவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "அவங்க... கண்ணு... சின்னதா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

3

ஊரில் பொழுது சாய்வதற்குள் இன்னொரு போட்டோ வந்துவிட்டது. சின்ன லேப்டாப் வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் திறந்தபடி இருந்தது. தேங்காய் உடைத்திருந்தார்கள். திரையின் நாலு மூலைக்கும் சந்தனம். மேலே நட்ட நடுவில், நெற்றியில், ஐம்பது பைசா அளவுக்குக் குங்குமம். அந்த இடத்தில்தான் கேமரா இருக்கிறது. லேப்டாப்புக்கு நெற்றி எது என்று பார்த்தால் எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும். தட்டச்சுப் பலகையில்கூட சந்தனம் கரைத்துத் தெளித்திருந்தான் புண்ணியவான்.

பின்னால் பூங்கொடி நின்றுகொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை மூடிச் சிரித்தபடி. நான் மூன்று கும்பிடும் கைகளை அனுப்பிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

பூங்கொடியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி அவர்கள் ஊர். செந்தில் அவளைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது எங்கள் தெருவில் பேசாத பேச்சில்லை. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்தான் இங்கிருந்து போன் போட்டு, எல்லாரோடும் சண்டை போட்டு, டிக்கெட் எடுத்துப் போய், முன்னால் நின்று அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தேன். பதிமூன்று வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் மகளிர் தினத்துக்குப் பேசச் சொன்னால் இதைத்தான் பேசுவேன். ஜெர்மன்காரிகள் கண் கலங்குவார்கள். இந்தப் பதிமூன்று வருடத்தில் பூங்கொடியிடம் நான் என்ன பேசியிருக்கிறேன் என்று பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சாமை எப்படிக் குழையாமல் வேகவைப்பது. மலைத்தேன் கிடைத்தால் எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வை. கவினுக்குக் காய்ச்சல் விட்டதா. அம்மா மாத்திரை போட்டார்களா. அவ்வளவுதான்.

4

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, செந்திலே வீடியோவில் கூப்பிட்டான். முகம் சரியில்லை.

"யக்கா, இது இன்னாமோ மக்கர் பண்ணுதுக்கா. பரீட்சைக்கு முன்னாடி ஒத்திகை மாதிரி ஒன்னு வெக்கிறாங்க. மூஞ்சி தெரியல, மூஞ்சி தெரியலன்னே சொல்லிக்கினு இருக்குது. எதுருலதான் உக்காந்துக்கினு இருக்குது பூங்கொடி."

"கேமராவுல குங்குமம்டா, மடையா. தொடை."

துண்டை நனைத்துத் துடைத்தான். குங்குமம் போய் மஞ்சளாக ஒரு படலம் வந்தது. மறுபடி துடைத்தான். பூங்கொடியின் முகம் ஒருவழியாகத் தெரிந்தது. அடுத்து வேறு ஒரு செய்தி வந்தது. இந்தக் கருவியில் மெமரி போதாது, தேர்வு மென்பொருள் இதில் ஓடாது. மூன்று தரம் முயன்றார்கள், மூன்று தரமும் அதே செய்தி.

"பரீட்சை எப்ப?" என்று கேட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம" என்றான் செந்தில். "இத வுட்டா ஆறு மாசம் கழிச்சிதானாம். இந்த தடவ பாஸ் பண்றவங்களத்தான் ஒரு கம்பெனி வேலைக்கி எடுக்குதாம். வூட்டுலேர்ந்தே பாக்குற வேல."

என்ன கோர்ஸ் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். போனை அவள் கையில் கொடுத்தான்.

"மெடிக்கல் கோடிங் அண்ணி" என்றாள் பூங்கொடி. "ஏழு மாசமா போய்க்கினு இருக்குது. போன்லயேதான் கேட்டேன். மத்தியானம் மோட்டார் கொட்டாயில சத்தம் இருக்காது, அங்க போயி உக்காந்துக்குவேன். போன்ல எழுத்து ரொம்பப் பொடியா தெரியுது, தல நோவுது. அதான் லேப்டாப் எடுக்கலாம்னு..."

"அதெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாமா?"

"இல்ல அண்ணி. பி.எஸ்சி. முடிச்சிருக்கணும்."

"யார் பி.எஸ்சி.?"

"நான்தான் அண்ணி. கள்ளக்குறிச்சியில பாட்டனி. கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிமூன்று வருடம் என் தம்பி மனைவி. மலையிலிருந்து இறங்கி, விடுதியில் தங்கி, அந்தப் பக்கத்துப் பெண்கள் விரல் விட்டு எண்ணும்படி படித்த காலத்தில் பட்டம் வாங்கியவள். எனக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை. அவள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்திருப்பாள் என்று எனக்குள் நானே எழுதி வைத்துக்கொண்டு, அதை ஒருநாளும் சரிபார்க்கவில்லை.

அதோடு விட்டாளா? "நீங்க பண்ற வேலைதான் அண்ணி" என்றாள். "நீங்க ஒரு தடவ ஆபீஸ் போட்டோ போட்டிருந்தீங்க இல்ல? அத பாத்துட்டு, இது இன்னா வேலன்னு தேடிப் பாத்தேன். நம்ம படிப்புக்கும் இது கெடைக்கும்னு போட்டிருந்துச்சு."

ஏதாவது செய்யலாம், கவலைப்படாதே என்று சொல்லி வைத்தேன்.

"பாத்துக்கலாம் அண்ணி" என்றாள் அவள்.

5

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரை மணிக்கு வழக்கம்போல அலுவலகம் போய், காப்பி எடுத்துக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

நான் இருப்பது ஒரு மருத்துவமனையின் அலுவலகத்தில். அங்கே எனக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "ஆபீஸ் வேலை" என்று முடித்துவிடுவேன். நோயாளிகளின் கோப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். ஒரு எண் பிசகினால் காப்பீட்டுக்காரர்கள் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடது பக்கத் திரையில் கோப்பு, வலது பக்கத் திரையில் எண் பட்டியல். ஆமாம், இரண்டு திரை. இரண்டும் பெரியவை.

அந்தத் திரைகளை நான் எப்படி வாங்கினேன் என்பது தனிக்கதை. முதலில் ஒன்றுதான் இருந்தது. கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, ஒரு திரையில் இந்த வேலையைச் செய்யவே முடியாது என்று கடிதம் எழுதினேன். படிவம் அனுப்பினார்கள். நிரப்பிக் கொடுத்தேன். அலுவலக மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ஒரு ஆள் வந்து அளவுநாடா வைத்து என் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போனார். பிறகு என் கோப்பு தொலைந்துவிட்டது என்றார்கள். திரும்பவும் முதலிலிருந்து. நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். "இந்த வேலைக்குத் தேவையானதைக் கேட்பது என் உரிமை" என்று நான் எழுதிய வரியைத் தலைமை அதிகாரி கூட்டத்திலேயே படித்துக் காட்டினார். இலக்கணப் பிழை இல்லாமல் நான் எழுதிய முதல் ஜெர்மன் கடிதம் அதுதான் என்று தோழிகள் கேலி செய்தார்கள்.

அந்த இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தேன். இதே வேலைக்குத்தான் அவளுக்கு அந்தச் சின்னது போதும் என்றேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் வந்த புதிதில் வேலை வாய்ப்பு அலுவலகத்தில் ஒரு அம்மாள் என் பி.காம். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு, "உங்களுக்குத் துப்புரவு வேலை போதுமானதாக இருக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு படித்து, தேர்வெழுதி, இந்த மேசைக்கு வந்து சேர ஆறு வருடம் ஆயிற்று. அந்த அம்மாளை நான் திட்டாத இடமில்லை. அவர் சொன்ன குரலும், சொன்ன வேகமும் இன்றும் என் காதில் இருக்கின்றன. அதே வேகத்தில்தான் நானும் சொன்னேன்.

கல்யாணத்தை நடத்தி வைத்தவளாம் நான். நாத்தனார் என்றால் நடு வீட்டில் உட்கார்ந்து அதட்டுபவள் என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டும் நாத்தனாராக இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

6

மதிய இடைவேளையில் செந்திலைக் கூப்பிட்டேன். சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டு வா என்றேன்.

"காலையிலயே போனேன்க்கா. கடைக்காரன் எடுக்க மாட்டேங்கிறான். தொறந்து பாத்துட்டு, இன்னாய்யா சாம்பார ஊத்தி வெச்சிருக்கன்னு கேக்குறான். சந்தனம் பட்டன் சந்துல எல்லாம் காஞ்சி போயி கெடக்குது."

"அப்ப பெரியதைத் தனியா எடு. நான் பார்த்துக்கறேன்."

"பெருசு வித்துப் போச்சாம். மெட்ராஸ்லேர்ந்து வர்றதுக்கு பத்து நாளு ஆவுமாம்." கொஞ்சம் தயங்கினான். "இல்ல யக்கா, ஒன்னு கேக்கறேன். நீ சொல்லி எடுத்தது, சாமிகிட்ட வெச்சி கும்புட்டது. அத மூலையில போட்டுட்டு இன்னொன்னு எடுத்தா நல்லாவா இருக்கும்? நீ சொன்னது இதுவரைக்கும் தப்பானதில்லையே."

"இந்தத் தடவை தப்புடா" என்றேன்.

"சேச்சே" என்றான். அவனால் அதை நம்ப முடியவில்லை. செருப்புக் கடியைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சரி, நானே ஆன்லைனில் வாங்கி நேராக வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். இந்தியக் கணக்கில் போட்டால் ஓடிபி என் பழைய இந்திய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் செத்து நான்கு வருடம். இங்கே உள்ள கார்டைப் போட்டால், வெளிநாட்டுக் கொள்முதலுக்குப் புதிய ரகசிய எண் வேண்டும் என்றது. அந்த எண்ணைப் போனில் சொல்ல மாட்டார்கள், மின்னஞ்சலிலும் அனுப்ப மாட்டார்கள். கடிதத்தில்தான் வரும். ஐந்து வேலை நாள் ஆகும். வங்கிப் பெண்ணிடம் பதற்றத்தில் வாய் குழறி, "என் தம்பி மனைவி ஞாயிற்றுக்கிழமை நின்றுபோய்விடுவாள்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் பயந்துபோய், மருத்துவ உதவி எண்ணைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். பதினாறு வருடம் கழித்தும், கோபத்திலும் பயத்திலும் எனக்கு ஜெர்மன் கழன்று விழுந்துவிடுகிறது.

அந்த வாரம் முழுக்க தினமும் பூங்கொடியைக் கூப்பிட்டேன். பதிமூன்று வருடத்தில் பேசியதைவிட அந்த ஐந்து நாளில் அதிகம் பேசியிருப்பேன். இதயத்தின் வால்வுகள், எலும்பு முறிவில் எத்தனை வகை, அவற்றின் எண்கள் என்று கேள்வி கேட்டேன். அவள் மளமளவென்று சொன்னாள். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாள். அங்கே வேறு பட்டியலாம், எண்கள் வேறாம். ஒவ்வொரு நாளும் கடைசியில் "லேப்டாப்புக்கு என்ன செய்யப் போகிறாய்" என்று கேட்டேன். ஒவ்வொரு நாளும் "பாத்துக்கலாம் அண்ணி" என்றாள். அவள் மனசு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். மலையில் வளர்ந்த பெண், கிடைக்காததை அழாமல் விட்டுவிடப் பழகியவள் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டேன். பாருங்கள், அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

வங்கியின் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. திருமதி ராமலிங்கம் அவர்களுக்கு.

7

ஞாயிறு காலை, அவளுக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிட்டேன்; அவள் போன் அணைந்திருந்ததால் செந்தில் நம்பருக்குப் போட்டேன். என்ன சொல்வது என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆறு மாதம் ஒன்றும் பெரிதில்லை, அதற்குள் நல்ல லேப்டாப் வாங்கிவிடலாம் என்றெல்லாம். கவின்தான் எடுத்தான்.

"அம்மா இல்ல அத்த. பரீட்சைக்கி போயிருக்குது."

"எங்கே?"

"சேலத்துக்கு. அப்பா வண்டியில கள்ளக்குறிச்சி கூட்டிக்கினு போயி பஸ் ஏத்தி வுட்டுட்டு வந்துச்சு. காலையில இட்லி நான்தான் ஊத்தனேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செந்திலைக் கேட்டேன். சேலத்தில் ஒரு மையம் இருக்கிறதாம். வீட்டில் எழுத முடியாதவர்கள் அங்கே போய் அவர்கள் கம்ப்யூட்டரில் எழுதலாமாம். "எனக்கே வெள்ளிக்கெழமதான்க்கா சொல்லுச்சு" என்றான்.

இங்கே மதியம் தாண்டி அவளே வீடியோவில் கூப்பிட்டாள். பஸ்ஸில் இருந்தாள். ஜன்னல் காற்றில் முடி பறந்தது. நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"பாஸ் அண்ணி. அங்கயே ஸ்கிரீன்ல காட்டிட்டாங்க."

நான் சத்தம் போட்டதில் மதி அறையிலிருந்து ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அத்தை, சூப்பர்" என்று கத்திவிட்டு, அங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பூங்கொடியை அத்தை என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அத்தோடு வைத்திருக்கலாம். சந்தோஷமான செய்தி, எல்லாரும் சிரிக்கிறோம். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"பூங்கொடி, ஒன்று சொல்லணும்" என்றேன். "அந்தச் சின்ன லேப்டாப்பை நான் யோசித்துச் சொல்லவில்லை. கவினுக்கு என்று நினைத்தபோது பெரியதை எடு என்றேன். உனக்கு என்றதும்..."

"தெரியும் அண்ணி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கி உங்க தம்பி ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசிக்கினு இருந்தாரு. நான் எதுருலதான் மல்லாட்ட ஒடைச்சி கடல உரிச்சிக்கினு இருந்தேன். படிக்கிற புள்ளைக்கி கஞ்சத்தனம் பாக்காதன்னு நீங்க சொன்னதும் கேட்டேன். அப்பறம் சொன்னதும் கேட்டேன்."

"அப்பவே எனக்குப் பெரியதுதான் வேணும்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்க தம்பி உங்க வார்த்தைய மீற மாட்டாரு. நான் சொன்னா சண்ட வரும். சென்டரு மாத்துறதுக்கு யாரு சம்மதமும் வேணாம், போன்லயே மாத்திக்கலாம். மாத்துறதுக்கு அன்னிக்கிதான் கடைசி நாளு. ஒத்திகைக்கி அவரு ஆசையா லேப்டாப்ப தொறந்து வெச்சாரு, வேணாம்னு சொல்லாம உக்காந்தேன்." பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றது. இறங்குகிறவர்களுக்கு வழி விட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டு, திரும்பவும் போனைப் பார்த்தாள். "நீங்க சின்னது போதும்னு சொன்னீங்க, அதுல பரீட்ச எழுத முடியாதுன்னு எனக்குத் தெரியும். மல்லாட்டய வெச்சிட்டு எழுந்து போயி மாத்திட்டேன். அவரு கடைக்கி கெளம்பறதுக்குள்ள மாத்திட்டேன் அண்ணி."

நான் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் நேராக, சுற்றி வளைக்காமல், மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்.

"சரிங்க அண்ணி" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.